சீக்காளிக்கு மட்டும் டிக்கெட்

எங்கள் ஆபீசில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, போய் உன் சொந்த ஊரைப் பார்த்துவிட்டு வா என்று அவர்களே டிக்கெட் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தாய்நாட்டு விடுப்பு என்று அதற்குப் பெயர். பல நாடுகள் கூடி நடத்துகிற ஒரு சுகாதார அமைப்பு அது. அறுபதுகளின் கடைசியில் நான் அதில் சேர்ந்து, எத்தியோப்பியாவின் தலைநகரமான அடிஸ் அபாபாவில் நர்ஸ்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் வெளிதேசத்தில் இருந்தால் ஆள் தன் மண்ணை மறந்துவிடுவான் என்று அந்தப் பெரிய மனிதர்களுக்கு ஒரு கவலை. சேர்ந்த அன்றே சொந்த ஊர் எது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். கார்வேட்டிநகரம், சித்தூர் ஜில்லா என்றேன். அதை டைப் அடித்த கிரேக்கப் பெண் தப்பும் தவறுமாக அடித்து, அழித்து, கடைசியில் என்னையே உட்கார்ந்து அடிக்கச் சொல்லிவிட்டாள்.

சம்பளத்தைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். சம்பளம், ஊர் விலைவாசிக்கு ஏற்ற படிப்பணம், ஆஸ்பத்திரிச் செலவு, வயதான பிறகு பென்ஷன், பிள்ளைகள் படிக்கப் பணம், எல்லாம் உண்டு. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் கடைசியாகச் சொன்னது எனக்கு இல்லை. அதற்கு ஆபீஸ் என்ன செய்யும்? என் வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். எனக்கு அடுத்த அறையில் ஒரு டென்மார்க்கார இன்ஜினியர் இருந்தார். அவர் மனைவி காலையில் குதிரை ஏறுவாள், மத்தியானம் டென்னிஸ் ஆடுவாள், சாயங்காலம் நாலு பேருக்குக் கேக் சுட்டுப் போடுவாள். ஆபீஸ் கணக்கில் அவள் கணவனை நம்பி வாழ்பவள். அவளுக்கு டிக்கெட் உண்டு, படி உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. நான் பெண்ணாகப் பிறந்து வேலைக்கு வந்துவிட்டதால், என் வீட்டுக்காரர் என் குடும்பத்தில் சேர்த்தி இல்லை. அவர் நோயாளியாக, உழைக்க முடியாதவராக இருந்து, டாக்டர் அப்படி எழுதிக் கொடுத்தால் மட்டும் சேர்த்தி. நன்றாக இருக்கிற புருஷனுக்குத் தங்க அனுமதி கூடக் கிடைக்காது.

பணியாளர் பிரிவு அதிகாரி ஒரு சுவிஸ்காரர். நெட்டை மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. “விதியை நான் எழுதவில்லை, மேடம். படித்துக் காட்டுவது மட்டும்தான் என் வேலை” என்று சொல்லி, அந்தப் படிவத்தை என் கையில் கொடுத்தார். கூடவே புது ஒப்பந்தத்தையும் கொடுத்தார். விடுப்பு முடிந்து திரும்பும்போது, வேலையில் தொடர்கிறேனா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். இந்தமுறை அவரைக் கூட்டிக்கொண்டு வர வழி பிறக்காவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று விமானம் ஏறும் முன்பே தீர்மானம் செய்துவிட்டேன். தனியாக இருந்தது போதும் என்று ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரர் பெயர் ஆசீர்வாதம். பஸ் டிரைவர். சித்தூரிலிருந்து கார்வேட்டிநகரம், புத்தூர் வழியாகத் திருப்பதி போகிற பஸ். வியாழக்கிழமை மத்தியானம் நான் பெட்டியோடு சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, அந்த பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிற பெண்டாட்டி. மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா?

“வாம்மே, ஏறு. டயம் ஆவுது.”

அவ்வளவுதான். ஆனால் டிரைவர் பக்கத்து சீட்டில் ஒரு புதுத் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். சித்தூர் வெயிலில் அந்த பானெட்டுப் பக்கம் உட்கார்ந்தால் அவியலாகிவிடுவோம் என்று யாருக்கும் தெரியும். விமானத்தில் பஞ்சு சீட்டில் வந்தவளுக்கு அந்தத் துண்டைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

பின் சீட்டில் வெதுருகுப்பத்து அம்மாள் ஒருத்தி தக்காளிக் கூடையோடு இருந்தாள். நான் எங்கிருந்து வருகிறேன், எதற்கு வருகிறேன் என்று கங்காதர நெல்லூர் வருவதற்குள் எல்லாவற்றையும் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டாள்.

“லீவும் குட்த்து, டிக்கெட்டும் அவங்களேவா வாங்கித் தராங்க?”

“ஆமாம்மா.”

“வூட்ல போய்ச் சும்மா உக்காந்துக்கினு இருக்கிறதுக்கா?”

“ஆமாம்.”

“அப்ப நீ இன்னாத்தயோ மறைக்கிற” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். அந்த ஆபீஸ்காரர்கள் தங்கச் சுரங்கம் வைத்திருப்பதாக ஒருவர் சொன்னார். சுரங்கம் இருந்தால் டிரைவர் ஏன் இன்னும் டிரைவராக இருக்கிறார் என்று மற்றவர் கேட்டார்.

வீட்டில் களியும் வேர்க்கடலைத் துவையலும் நாட்டுக்கோழிக் குழம்பும் தயாராக இருந்தன. அவரே காலையில் வைத்துவிட்டுப் போன குழம்பு. எத்தியோப்பியாவில் இஞ்சேரா என்று ஒன்று உண்டு. நம் தோசை மூன்று நாள் புளித்துவிட்டு, கோபத்தில் பெரிதாக விரிந்த மாதிரி இருக்கும். அதன் மேலேயே குழம்பை ஊற்றி, எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கெட்ட சாப்பாடு இல்லை. ஆனால் தட்டுக்கு எதிர்ப்பக்கம் ஆள் இல்லாமல் தனியாகச் சாப்பிட்டால் அந்தத் தட்டு ரொம்பப் பெரிதாகத் தெரியும். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

“அங்க எந்தப் பக்கம் ஓட்டுறாங்க?” என்று கேட்டார்.

“வலது பக்கம்.”

“வலது பக்கமா!” களி உருண்டை கையில் அப்படியே நின்றது. “அப்ப ஸ்டியரிங்கு?”

“இடது பக்கம்.”

அதற்குப் பிறகு சாப்பிட்டு முடிக்கிறவரை அவர் இடது கையையும் வலது கையையும் காற்றில் மாற்றி மாற்றித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வருவதற்கு மனுஷனுக்கு எவ்வளவு ஆசை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று, சீக்காளிக்கு மட்டும்தான் டிக்கெட் என்கிற விதியைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “அப்ப நல்லா கீறவன் வரக்கூடாதா?” என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை எங்கள் போதகர் மோசஸ் ஐயாவைப் பார்க்கப் போனேன். எங்களுக்குக் கல்யாணம் நடந்த சான்று சபைப் பதிவிலிருந்து வேண்டும். இந்த மாவட்டத்தில் எங்கள் சபைகள் எல்லாம் பழைய மிஷன் சபைகள். அங்கே பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் போதகர் கையில். எதற்குச் சான்று என்று கேட்டார். படிவத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி நிதானமாகப் படித்தார். கணவர் நோயினால் உழைக்க இயலாதவர் என்கிற வரிக்கு வந்ததும் நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். “விசுவாசமாயிரு மகளே” என்று என் தலையில் கை வைத்தார். நானும் சான்று கிடைத்த சந்தோஷத்தில், ஸ்தோத்திரம் ஐயா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் கங்காதர நெல்லூரில் என் அக்கா வீட்டில் இருந்தேன். அவருக்கு அன்று பஸ். இரண்டு பேருமே ஆராதனைக்குப் போகவில்லை. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிரசங்கம் முடிந்ததும், சபையில் நோயாய் இருக்கிறவர்களைப் பெயர் சொல்லிப் போதகர் ஜெபிப்பார். ராகேலம்மாவின் முட்டிவலி அந்தப் பட்டியலில் வருஷக் கணக்காக முதல் இடத்தில் இருந்தது. அந்த ஞாயிறு ராகேலம்மாவைத் தள்ளிவிட்டு முதல் இடத்துக்கு வந்தவர் என் வீட்டுக்காரர்.

இது தெரியாமல் திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால், வாசலில் ராகேலம்மாவே பார்லிக் கஞ்சியோடு நிற்கிறாள். முட்டிவலியோடு அரை மைல் நடந்து வந்திருக்கிறாள்.

“எங்கம்மா புள்ள? படுத்துக்கினு கீறானா?”

“யாரு?”

“எங்கிட்டயே மறைக்கிறியா சலோமி? ஐயா கண்ணுல தண்ணி வுட்டு ஜெபிச்சாரு. எனக்குக்கூட அப்படி ஜெபிச்சதில்ல.”

அடக் கடவுளே என்று தலையில் கை வைத்தேன். விஷயத்தை நான் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார். ஒருவர் சாத்துக்குடி கொண்டுவந்தார். ஒருவர் ஆட்டுக்கால் சூப். ஒரு வீட்டில் பன்ரொட்டியை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். புத்தூர்க் கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். எலும்பு ஒன்றும் முறியவில்லை என்றேன். முறியாவிட்டால் என்ன, கட்டுப் போட்டுக்கொள்ளட்டும், நல்லதுதானே என்றார். சேதி வெதுருகுப்பம் போய்ச் சேர்ந்தபோது வியாதி வலிப்பாக மாறிவிட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். கங்காதர நெல்லூரில் பார்வைக் கோளாறாம்.

இதையெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் மத்தியானம் அவர் நடந்து வீட்டுக்கு வந்தார். பஸ் ஓடுகிற நேரத்தில் அவர் நடந்து வந்து நான் பார்த்ததே இல்லை. பஸ் முதலாளி நாயுடு அவரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டார். வலிப்பு இருக்கிற டிரைவரை நம்பி இத்தனை ஜனங்களை எப்படி ஏற்றுவேன் என்று நாயுடு கேட்டாராம். கேட்டது நியாயம்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

“இன்னா சொன்னாலும் கேக்க மாட்றாரு மொதலாளி. டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கினு வா, அப்பால ஓட்டு, அப்படின்றாரு.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சாத்துக்குடிகளைப் பார்த்தார். “இத்த யாரு துன்றது?”

நேராகப் போதகர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். பாவம், அவர் முகம் வெளுத்துவிட்டது. “நீ வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்தேன் மகளே” என்றார். சபையில் பாதிப் பேர் தங்கள் வியாதியைச் சொல்ல மாட்டார்களாம். மற்றவர்கள் வாயிலிருந்துதான் அவர் தெரிந்துகொள்வாராம். அன்பில் செய்த தப்புக்கு மனுஷனை எவ்வளவு நேரம்தான் திட்ட முடியும்? காபி குடித்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் சித்தூருக்குப் போனோம். அவர் பயணியாக உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை. புது டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் கால் தானாகத் தரையை மிதித்தது. சித்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் இருந்தார், நான் அவரோடு வேலை செய்திருக்கிறேன். ஆபீஸ் படிவத்தையும் காட்டினேன், நாயுடு கேட்டதையும் சொன்னேன். அவர் இவரைப் படுக்கவைத்து, உட்காரவைத்து, முட்டியில் தட்டி, கண்ணில் டார்ச் அடித்து, எல்லாம் பார்த்து முடித்துவிட்டுக் கையைக் கழுவினார்.

“சிஸ்டர், நாயுடுவுக்கு ஆள் திடமா இருக்கார்னு எழுதணும். உங்க ஆபீசுக்கு ஒண்ணுக்கும் ஆகமாட்டார்னு எழுதணும். ஒரே ஆளுக்கு, ஒரே நாள்ல, ரெண்டையும் எப்படிம்மா எழுதுறது?”

கையைத் துடைத்துக்கொண்டு அவரே தொடர்ந்தார். “இத்தனை வருஷம் பஸ் ஓட்டின உடம்பு. முதுகு வலி இல்லாமலா இருக்கும்? அதை நான் கொஞ்சம் அழுத்தி எழுதினா அங்க யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஊரே வேற சாட்சி சொல்லும். ஆனா அதோட இவர் பஸ்ஸைத் தொட முடியாது. எது வேணும்னு சொல்லுங்க.”

பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. ஆனாலும் அந்த நிமிஷம் என் மனசு ஆடிவிட்டது. ஒரு முதுகு வலி. அதை ஒரு விரற்கடை பெரிதாக்கினால் இவர் என்னோடு இருப்பார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இஞ்சேரா சாப்பிடுவார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“முதுகு வலி கீது டாக்டர். யாருக்கு இல்ல? ஓட்டிக்கினுதானே கீறேன்? திடமா கீறேன்னே எழுதுங்க.”

வெளியே வந்து ஒரு சோடாக் கடை ஓரத்தில் நின்று சண்டை போட்டேன். ஜனங்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். “உங்களுக்கு உங்க பஸ்தான் பெரிசு! நான் அங்க ஒத்தையா கெடந்து சாவுறேன், உங்களுக்கு ஸ்டியரிங்கு கேக்குதா?” என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் கோலி சோடாவை உடைத்து என் கையில் கொடுத்தார். நான் குடித்து முடித்த பிறகு பேசினார்.

“இல்லம்மே. சீக்காளின்னு எழுதிக்கினு நான் அங்க வந்தா, பாக்குறவன்லாம் இன்னா சொல்லுவான்? சலோமி சீக்காளிப் புருஷன வெச்சுக்கினு கஷ்டப்படுறான்னு சொல்லுவான். நானும் தினம் இருமிக்கினு, இடுப்பப் புடிச்சுக்கினு நடிக்கணும். நான் நல்லா கீறவனாத்தான் உன்கூட வருவேன். எப்ப வுடுறாங்களோ அப்ப வரேன்.”

எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் காலி பாட்டிலைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்தும் நாயுடுவுக்கு முழுத் திருப்தி இல்லை. வியாழக்கிழமை திருப்பதி வரைக்கும் நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். நானும் ஏறிக்கொண்டேன். சந்தையில் சாமான் வாங்க ராகேலம்மாவும் சபையைச் சேர்ந்த இன்னும் சிலரும் அதே பஸ்ஸில் ஏறினார்கள். மற்றவர்கள் மலைக்குப் போகிறவர்கள். கோவிந்தா, கோவிந்தா என்று அவர்கள் ஒரு பக்கம். ஆண்டவரே இந்தப் பிள்ளையின் கையை உறுதிப்படுத்தும் என்று ராகேலம்மா இன்னொரு பக்கம். நடுவில் நாயுடு, வலிப்பு வந்தால் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கையைத் தயாராக நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின் டயர் வெடித்தது. பஸ் ஒரு பக்கமாக இழுத்தது. இவர் பதறாமல் ஓரம் கட்டி நிறுத்தினார். இறங்கினார், சட்டையைக் கழற்றினார், ஜாக்கியை எடுத்தார்.

“ஏய், தூக்காதே! நீ தூக்காதே, வேற ஆளு பார்க்கலாம்!” என்று நாயுடு தெலுங்கில் அலறினார்.

இவர் காதில் வாங்கவே இல்லை. பஸ்ஸைத் தூக்கி நிறுத்தி, டயரைக் கழற்றி, ஸ்டெப்னியை ஒரே மூச்சில் தூக்கி மாட்டினார். மொட்டை போடப் போகிறவர்களில் ஒரு சிறுகுழந்தை கை தட்டியது. அப்போது பின்னாலிருந்து ராகேலம்மாவின் குரல் கேட்டது. “ஸ்தோத்திரம்! ஜெபம் கேட்டுட்டாரு! புள்ளைக்கு சுகமாயிடுச்சு!” சபைக்காரர்கள் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். என்னவோ நல்ல காரியம் நடந்துவிட்டது என்று கோவிந்தாக்காரர்களும் சேர்ந்து கோவிந்தா போட்டார்கள். நாயுடு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாளையிலிருந்து நீயே ஓட்டு” என்று சொல்லிவிட்டு, பின் சீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டார்.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. நெய்யும் பருப்புப் பொடியும் போட்டுக் கொடுத்தார்கள், கோங்குரா ஊறுகாய் கண்ணில் நீர் வர வைத்தது. ஊறுகாய்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. நான் வேலையை விட்டுவிடப் போவதாக அவரிடம் சொன்னேன்.

“வுட்டுட்டு?”

“இங்கயே இருப்பேன். முன்ன மாதிரி ஆஸ்பத்திரி வேலைக்குப் போவேன்.”

“சரி, நீ வந்துடுவே. உனக்கு அப்பால இன்னொரு பொண்ணு அங்க போவா. அவளுக்கும் இதே காயிதத்த நீட்டுவான் அந்த நெட்டையன். அவ புருஷன் இன்னா பண்ணுவான்? டயர் மாத்திக் காட்டுவானா?” சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “நீ போம்மே. போயி, நல்லா கீறவன ஏன் வுட மாட்டேன்றீங்கன்னு கேளு. கேட்டுக்கினே இரு. நீ கத்துனா யாரும் தாங்க மாட்டாங்க, எனக்குத் தெரியும்.”

அடுத்த ஞாயிறு ஆராதனையில் பெரிய சங்கடம் காத்திருந்தது. சுகம் கிடைத்தவர் முன்னே வந்து சாட்சி சொல்வதும் எங்கள் சபை வழக்கம். சபை முழுக்க இவரையே திரும்பிப் பார்த்தது. எழுந்தால் பொய்ச் சாட்சி, உட்கார்ந்திருந்தால் நன்றி கெட்டவன். இவர் எழுந்து போய் நின்றார். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல், ஹாரனுக்குப் போட்டி போட்டு வளர்ந்தது.

“எனக்கு ஒரு வியாதியும் இல்ல. ஐயா தப்பாப் புரிஞ்சுக்கினாரு, அவரு மேல கோவம் இல்ல. நீங்க குட்த்த சூப்பு நல்லா இருந்துச்சு. இவ ஆபீஸ்லதான் ஒரு ரூல்ஸ் கீது. ஆம்பள வேலைக்குப் போனா அவன் பொண்டாட்டிக்கு எடம் உண்டு. பொம்பள போனா அவ புருஷனுக்கு எடம் இல்ல, சீக்காளியா இருந்தாத்தான் உண்டு. நான் நல்லாத்தான் கீறேன். வியாதி அந்த ஆபீசுக்குத்தான்.”

போதகர் எழுந்து வந்தார். திட்டுவாரோ என்று பயந்தேன். அவர் கண்ணை மூடினார். முட்டிவலியால் வருந்தும் ராகேலம்மாவையும், காய்ச்சலில் இருக்கும் இன்னின்னாரையும் தொட்டு, கடைசியில், “வெளிதேசத்தில் நோயுற்றிருக்கிற எங்கள் சகோதரி சலோமியின் ஆபீசையும் தேவரீர் தொட்டுச் சுகமாக்கும்” என்றார். ஆமென் என்று சபை முழங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன், அடங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அதுவும் தப்பில்லை.

நான் தனியாகத்தான் திரும்பினேன். சித்தூரில் அதே துண்டைப் போட்ட சீட்டிலிருந்து இறங்கியபோது அவர் சொன்னது, “டயம் ஆவுது, போ.”

அடிஸ் அபாபாவில் சுவிஸ்காரரிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படிவத்தில், உங்கள் கணவர் நோயாளியா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். அதற்குக் கீழே, இருக்க வேண்டுமா என்று ஒரு கேள்வியும் எழுதினேன். அவர் படித்துவிட்டு, விதி விதிதான், மேடம் என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கஞ்சி, சாத்துக்குடி, டயர் எல்லாவற்றையும் சொல்லி, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஊரே இந்த ஆபீஸ் சுகமாக வேண்டும் என்று ஜெபிக்கிறது என்றும் சொன்னேன்.

“எங்களுக்காகவா?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, பணியாளர் சங்கம் மூலமாகத் தலைமையகத்துக்கு மனு அனுப்பலாம், எப்படி எழுத வேண்டும் என்று தான் காட்டித் தருவதாகச் சொன்னார்.

டைப் அடிக்கிற கிரேக்கப் பெண் கையெழுத்துப் போட்டாள். பிலிப்பைன்ஸ் டாக்டரம்மா போட்டாள். குதிரை ஏறுகிற டென்மார்க்காரியும், தனக்குக் கையெழுத்துப் போட உரிமை இல்லை என்று தெரிந்தும், நானும் போடுவேன் என்று வந்து நின்றாள். நான் பட்ட வயிற்றெரிச்சலுக்கு அவளிடம் மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மனு போனது. பதில் இல்லை. மறுபடி போனது. வேறு வேறு ஊர்களிலிருந்தும் பெண்கள் இதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்து மஞ்சள் பூக்கள் பூத்த சமயத்தில் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் மனைவி என்று இருந்த இடத்தில் வாழ்க்கைத்துணை. நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுவிஸ்காரர் அதைத் தானே என் அறைக்கு எடுத்து வந்து, நின்றபடி, முழுவதையும் படித்துக் காட்டினார். படித்துக் காட்டுவதுதானே அவர் வேலை.

என் வீட்டுக்காரர் வந்து இறங்கியபோது கம்பளி ஸ்வெட்டருக்குள் வேர்த்துப்போய் நின்றார். டாக்சியில் ஏறியதும், எதிரே வண்டி வரும்போதெல்லாம் “லெப்டு, லெப்டு!” என்று டிரைவரை மிரட்டினார். வீடு வந்து சேர்வதற்குள் அந்த டிரைவர் இவருக்குச் சிநேகிதன் ஆகிவிட்டான்.

“போன ஞாயித்துக்கெழம சபையில ஸ்தோத்திரக் காணிக்கை படைச்சாங்க” என்றார். “நோயாய் இருந்த ஆபீஸ் பூரண சுகம் அடைஞ்சதுக்காக, அப்படின்னு ஐயா படிச்சாரு. ராகேலம்மா உங்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க.”

“என்ன?”

“நாங்க அவங்க ஆபீசுக்காக இத்தினி நாளு முட்டி போட்டு ஜெபிச்சோம், முட்டிவலி ஜாஸ்தியாயிடுச்சு. இப்ப அவங்க என் முட்டிக்காக ஜெபிக்கட்டும், அப்படின்னாங்க.”

திங்கட்கிழமை அவரைப் பதிவு செய்ய ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுவிஸ்காரர் எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார். நான் வேடிக்கையாக ராகேலம்மா சொன்னதைச் சொன்னேன். மனிதர் அப்போதாவது சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்துக்கொண்டு, “எந்த முட்டி, மேடம்? வலதா, இடதா?” என்று கேட்டார்.